களைகட்டுதல்: தெருக்கூத்தின் களத்துப் புனைவில் காண்போர் பங்கு
(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தெருக்கூத்தில் பாட்டும் விருத்தமும் பெரும்பாலும் மரபுவழி வரையறுக்கப்பட்டவை. வசனமும் எள்ளலும் விளக்கமும் ஆடுகளத்திலேயே உருவாகின்றன. இவ்வாறு உருவாகும் பகுதியை இக்கட்டுரை ‘களத்துப் புனைவு’ எனக் குறிக்கிறது. ஒரு கூத்து களைகட்டுவதும் தொய்வதும் கூத்தரின் திறனால் மட்டும் நிகழ்வன அல்ல. காண்போரின் துலங்கலைக் கூத்தர் ஏற்று, அதற்கேற்ப நீளம், வீறு, பொருள் ஆகிய மூன்றையும் மாற்றியமைப்பதே அதற்குக் காரணம் என்பதும், இம்மாற்றத்திற்கான இடங்களைக் கூத்தின் வடிவமே ஒதுக்கி வைத்துள்ளது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன. இதனடிப்படையில், காண்போரைப் பதிவு செய்யாத கூத்துப் பனுவல் முழுமையான சான்றாகாது என்னும் கருத்து முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, களத்துப் புனைவு, காண்போர், கட்டியங்காரன், மெய்ப்பாடு, திரௌபதி அம்மன் விழா

1. முன்னுரை

கூத்து நன்றாக அமைந்த இரவைக் குறித்து வட தமிழகச் சிற்றூர்களில் ‘கூத்து களைகட்டியது’ என்பர். இத்தொடரின் எழுவாய் கூத்தர் அல்லர், கூத்தே. கூத்தர் நன்றாக ஆடினார் என்பது வேறு. கூத்து களைகட்டியது என்பது வேறு. முன்னது ஒருவரின் திறனைப் பாராட்டுவது. பின்னது ஆடியோர், பாடியோர், கண்டோர் அனைவரும் கூடிய இடத்தில் உண்டான ஒரு நிலையைச் சுட்டுவது. நல்ல கூத்தர் ஆடியும் களைகட்டாத இரவுகள் உண்டு என்பதை ஊரார் அறிவர்.

இவ்வழக்குத் தொடரில் அடங்கியுள்ள கருத்தை ஆய்வுலகம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. தெருக்கூத்து குறித்த தமிழாய்வுகளில் கதைமூலம், ஒப்பனை, இசை, சடங்கு ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. காண்போரோ பெரும்பாலும் விழாச் சூழலின் ஒரு கூறாக ஓரிரு பத்திகளில் கடந்து செல்லப்படுகின்றனர். எழுதி மனனம் செய்யப்படாத பகுதி மிகுந்த ஒரு கலையில் இவ்விடுபாடு சிறிதன்று. அப்பகுதி எதைக் கொண்டு உருவாகிறது என்ற வினாவிற்குக் காண்போரை விலக்கி விடை காண இயலாது.

2. காண்போர் குறித்த பழங்கருத்துகள்

காண்போரைக் கருத்திற்கொண்டு நிகழ்கலையை வகைப்படுத்துவது தமிழ் மரபிற்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை குறிக்கும் வேத்தியல், பொதுவியல் என்னும் பாகுபாடு, கூத்து யார் முன் நிகழ்கிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. வேந்தர்க்கு ஆடுவதும் மற்றோர்க்கு ஆடுவதும் இருவேறு வகைகளாகக் கொள்ளப்பட்டதால், அவை மாறினால் கூத்தும் மாறும் என்ற அறிவு அக்காலத்திலேயே இருந்தமை புலனாகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரையில் இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தொன்றை எடுத்துக்காட்டுகிறார். நிகழ்த்துவோன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். காண்போரிடத்தில் நிறைவுறாத நடிப்பு மெய்ப்பாடு ஆகாது என்பது இதனால் பெறப்படும். ஆயினும், இவ்விளக்கத்தில் உணர்வு ஒரு திசையில் மட்டுமே பயணிக்கிறது. காண்போர் பெற்றது மீண்டும் நிகழ்த்துவோனை அடைந்து அவன் அடுத்துச் செய்வதை மாற்றுமா என்ற வினா அங்கு எழவில்லை.

வடமொழி நாட்டிய சாத்திரத்தின் இருபத்தேழாம் இயல் நிகழ்ச்சியின் வெற்றியை மானுட வெற்றி, தெய்விக வெற்றி என இரண்டாகப் பகுக்கிறது. புன்னகை, சிரிப்பு, வியப்பொலி, மெய்ம்மயிர் சிலிர்த்தல், இருக்கையிலிருந்து எழுதல், பரிசளித்தல் போன்ற வெளிப்பாடுகள் மானுட வெற்றியின் அடையாளங்கள். அவை நிறைந்திருந்தும் ஓசையும் கலக்கமும் இன்றி அமைதி நிலவுவது தெய்விக வெற்றியின் அடையாளம். காண்போரின் ஆரவாரத்தைப் போலவே அவர்தம் அமைதியும் ஒரு துலங்கலே என்னும் இப்பகுப்பு தெருக்கூத்தை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுவது.

மேலை ஆய்வுகளில் இருவர் கருத்து இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. மில்மன் பாரியுடன் இணைந்து யுகோசுலாவிய வாய்மொழிக் காப்பியப் பாடகர்களை ஆராய்ந்த ஆல்பர்ட் லார்ட், 1960இல் வெளியிட்ட நூலில், காப்பியப் பாட்டின் நீளத்தையும் விரிவையும் தீர்மானிப்பதில் கேட்போரின் நிலையின்மைக்குப் பெரும்பங்கு உண்டு என விளக்கினார். கேட்போர் எழுந்து செல்வதும் பேசிக்கொள்வதும் ஆர்வத்துடன் அமர்ந்திருப்பதும் பாடகரின் பாட்டைச் சுருக்கவோ விரிக்கவோ செய்கின்றன. செருமானிய அரங்கியலறிஞர் எரிகா பிஷர்-லிஷ்டே, நடிப்போரும் காண்போரும் ஒருவரையொருவர் தொடர்ந்து பாதித்துக்கொள்ளும் சுழற்சியிலேயே நிகழ்ச்சி தன்னைத்தானே ஆக்கிக்கொள்கிறது என்றார். செயிற்றியனார் கூறிய செல்வழியோடு இவர்கள் கூறும் மீள்வழியையும் இணைத்தால் ‘களைகட்டுதல்’ என்ற ஊர் வழக்கின் பொருள் முழுமையுறும்.

3. வட்டாரமும் நிகழ்வுச் சூழலும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் முதன்மையான நிலப்பகுதிகளுள் ஒன்று. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதி கோயிலை ஆதிக்கோயிலாகக் கருதும் மரபு உண்டு. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டிபைட்டல், 1988இல் வெளிவந்த தம் நூலின் முதற்பகுதியில் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை விரியும் தொன்மவெளியாக இதனை விளக்கினார். அரவானை முதன்மைப்படுத்தும் கூத்தாண்டவர் விழா நிகழும் கூவாகமும் 2019 வரை இம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

தெருக்கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என இருவகை கூறப்படுவதுண்டு. வந்தவாசி, செய்யாறு பகுதிகளுக்கும் விழுப்புரம், கடலூர் பகுதிகளுக்கும் இடையில் திண்டிவனம் அமைந்துள்ளது. ஆகவே இவ்வட்டாரக் காண்போர் ஒரு பாணியை மட்டும் கண்டு பழகியவராக இருக்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுக் காணும் வாய்ப்புள்ள அவை, கூத்தரிடம் எதிர்பார்ப்பதும் மிகுதி.

திரௌபதி அம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். பிரசங்கத்திற்கு வில்லிபாரதமே பெரும்பாலும் அடிப்படை. அதன் ஆசிரியர் வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்தவர் என்பர். பகலில் கேட்ட பகுதியை ஒட்டிய கதை இரவில் கூத்தாகிறது. எனவே கூத்தைக் காண வருவோர் கதையின் முடிவை அறிய வருவதில்லை. சூதாட்டத்தில் தருமன் தோற்பான், போரில் கர்ணன் வீழ்வான் என்பதை ஊரில் சிறுவரும் அறிவர். அறிந்த கதையை இக்கூத்தர் இன்றிரவு எவ்வாறு நிகழ்த்துவார் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு. ‘என்ன’ என்பதில் ஐயமில்லாத அவை ‘எவ்வாறு’ என்பதில் கூர்மையுறுகிறது. களத்துப் புனைவு செழிக்க இப்பயின்ற அவையே அடித்தளம்.

4. நிலைத்த உறுப்பும் நெகிழும் உறுப்பும்

முன்கூட்டி எழுதப்படாதது என்பதால் தெருக்கூத்தை வரையறையற்ற கலை எனக் கொள்ளுதல் பிழை. களரி கட்டுதல், இறை வணக்கம், கட்டியங்காரன் வரவு, திரைக்குப் பின்னிருந்து வேடங்கள் பாடும் திரைவிருத்தம், திரை நீங்கியபின் தோன்றும் வரவுப் பாட்டும் ஆட்டமும், தருக்கள், தர்க்கப் பாட்டுகள், மங்கலம் என இதன் அமைப்பு உறுதியானது. பாட்டுகளை ஆசிரியர் வழியாகவும் ஏடுகள் வழியாகவும் கூத்தர் கற்கின்றனர். சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவு விலை நாடக நூல்களும் இப்பாட்டுகளின் பரவலுக்குத் துணைசெய்தன.

இவ்வுறுப்புகளுக்கிடையே நெகிழும் இடங்கள் திட்டமிட்டே விடப்பட்டுள்ளன. ஒரு விருத்தம் முடிந்ததும் அதன் பொருள் வசனமாக விரிக்கப்படும். இவ்விரிவு ஓரிரு தொடரில் முடியலாம். நெடுநேரம் நீளவும் கூடும். தருவின் அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்திப் பாடும்போது எத்தனை முறை மடக்குவது என்பது வரையறுக்கப்படவில்லை. பாட்டின் முடிவில் வரும் சுழற்சி ஆட்டத்தின் சுற்றுகளுக்கும் எண்ணிக்கை இல்லை. தர்க்கத்தில் எதிரெதிர் நிற்கும் இருவர் பாட்டுக்குப் பின் தொடரும் சொற்போரை விரும்பிய அளவு வளர்க்கலாம். கட்டியங்காரனின் பேச்சோ ஏறக்குறைய முழுவதும் நெகிழுறுப்பு.

1999இல் கட்டைக்கூத்து குறித்து நூல் வெளியிட்ட ஹன்னே டி புரூன் நெகிழ்ச்சி என்ற சொல்லை நூலின் தலைப்பிலேயே வைத்தார். அந்நெகிழ்ச்சியின் ஒரு பகுதி அவையை நோக்கித் திறந்திருப்பது. நிலைத்த உறுப்புகள் கூத்தருக்கு ஊன்றுகோலாக நிற்பதால்தான் நெகிழுறுப்புகளில் அவர் துணிந்து அவையோடு உறவாட முடிகிறது. வசனம் எங்கு சென்றாலும் அடுத்த தரு அவரைக் கதைக்குள் மீட்டுவிடும்.

5. இரவின் ஓட்டமும் அவையின் மாற்றமும்

இரவு ஒன்பது, பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நிகழும் கூத்தில் அவை ஒரே தன்மையதாக இருப்பதில்லை. தொடக்கத்தில் சிறுவரும் குடும்பத்தாரும் களத்தை நெருங்கிப் பாய் விரித்து அமர்வர். நள்ளிரவை ஒட்டிச் சிறுவர் உறங்குவர். சிலர் வீடு திரும்புவர். பின்னிரவில் எஞ்சுவோர் பெரும்பாலும் கதையில் தோய்ந்தவர்கள். விடியற்காலையில் உச்சக் காட்சிக்காக உறங்கியோர் எழுப்பப்படுவர். வீடு சென்றவரும் திரும்புவர்.

கூத்தின் வைப்புமுறை இவ்வோட்டத்தோடு பொருந்துகிறது. கட்டியங்காரனின் நகையும் வேடங்களின் வரவு மிடுக்கும் அவை கூடும் நேரத்தில் மிகுதி. நுட்பமான தர்க்கங்களும் நீண்ட புலம்பல்களும் தேர்ந்த அவை எஞ்சியிருக்கும் பின்னிரவில் இடம்பெறுகின்றன. அழிவு, அருள் ஆகிய முடிவுகள் விடியலில் வருகின்றன.

தொய்வு நேரும்போது கூத்தர் கையாளும் உத்திகள் நெகிழுறுப்புகளைச் சார்ந்தவை. அவை தளர்ந்தால் வசனம் குறுகி அடுத்த தரு விரைந்து எடுக்கப்படும். முகவீணையின் உச்சக் குரலும் மத்தளத்தின் விரைநடையும் கூடும். உறங்குவோரைக் கட்டியங்காரன் கதையின் ஊடே எள்ளி எழுப்புவார். அவை கிளர்ந்திருந்தால் ஒரே தரு மீண்டும் மீண்டும் மடக்கப்படும். சுழற்சி ஆட்டத்தின் சுற்றுகள் பெருகும். லார்ட் குறிப்பிட்ட சுருக்கமும் விரிவும் இங்கு சொல்லில் மட்டுமன்றி இசையிலும் உடலிலும் நிகழ்கின்றன. கேட்போரின் துலங்கல் பாடகரை மட்டும் பாதித்த யுகோசுலாவியச் சூழலிலிருந்து இது வேறுபடுவது. இங்கு அவையின் மாற்றத்தை முதலில் உணர்பவர் ஆடுபவராகவோ மத்தளக்காரராகவோ பின்பாட்டுக்காரராகவோ இருக்கலாம். ஒருவர் உணர்ந்ததை மற்றவர் ஏற்பதற்குச் சொல் வேண்டியதில்லை. நடையை மாற்றும் ஓர் அடியே போதும்.

6. கட்டியங்காரன்: அவைக்கும் களத்துக்கும் இடைவழி

கட்டியங்காரன் அரசவைக் காவலன், தோழன், தூதன், பணிப்பெண் எனப் பல நிலைகளில் வருபவர். வேடத்தை நோக்கி ‘தாங்கள் யார்’ என அவர் கேட்கும் வினா உண்மையில் அவையின் சார்பில் கேட்கப்படுவது. வேடம் செய்யுளில் கூறுவதைப் பேச்சு வழக்கில் திருப்பிச் சொல்வதும், ஐயம் போலக் குறுக்கிடுவதும், அரசனின் பெருமிதத்தைச் சற்றே சரிப்பதும் அவர் பணிகள்.

காலத்தைக் கையாள்வதில் அவருக்குள்ள உரிமை வேறு எவருக்கும் இல்லை. துரியோதனன் அத்தினாபுரத்தின் செழிப்பைப் பாடுகையில் கட்டியங்காரன் இக்காலத்து விலைவாசியையோ ஊர்ச் சாலையின் நிலையையோ இடையில் கொண்டுவரலாம். துரியோதனன் அதனைக் கேட்டும் கேளாதவனாய்ப் புராண காலத்திலேயே நிற்க வேண்டும். ஒருவர் அவையின் காலத்திலும் மற்றவர் கதையின் காலத்திலும் நிற்பதால் நகை பிறக்கிறது. எந்த நகை எடுபடும் என்பதை அவையே முடிவு செய்யும். ஒரு சொல்லுக்குச் சிரிப்பு எழுந்தால் அதே இழையைக் கட்டியங்காரன் நீட்டுவார்; எழாவிட்டால் கைவிடுவார். முதல் ஒரு மணி நேரத்தில் அவர் தொடுக்கும் சிறு நகைகள் அவ்வூர் அவையின் இயல்பை அறியும் சோதனைகளாகவும் அமைகின்றன.

மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தோடு இதனை ஒப்பிடலாம். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த அந்நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்படும் கலைஞர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கின்றனர். 2005இல் அதனை ஆராய்ந்து நூல் வெளியிட்ட சூசன் சைசர் பபூன் பேச்சில் கலைஞருக்கும் அவைக்கும் இடையே நிகழும் நுண்ணிய பேரங்களைக் காட்டினார். அங்கு மேடை உயரத்தில் உள்ளது. கூத்திலோ கட்டியங்காரனும் அவையும் ஒரே மண்ணில், ஒரே ஒளியில் உள்ளனர். முன்வரிசையில் இருப்பவரின் முகம் அவருக்குத் தெரியும். அவர் சொல்லுக்கு மறுசொல் உடனே வரும். அம்மறுசொல்லையும் அவர் பேச்சில் சேர்த்துக்கொள்வார்.

7. காண்போர் பங்கேற்போராதல்

சில கூத்துகளில் காண்போருக்குக் கதைக்குள்ளேயே இடமுண்டு. அர்ச்சுனன் தபசில் உயரமான தபசு மரத்தின் மீது அர்ச்சுனன் வேடமிட்டவர் படிப்படியாகப் பாடி ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழம், வில்வம் முதலியவற்றை மகப்பேறு வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுவர். கீழே காத்திருப்போர் அர்ச்சுனனைக் காண்போராகவும் அவன் தவத்தின் பயனைப் பெறுவோராகவும் ஒருங்கே இருக்கின்றனர். அவர்தம் வேண்டுதலின் கனத்தைச் சுமந்து பாடும் கூத்தரின் பாட்டு வெறும் கதைப்பாட்டாக நிற்பதில்லை.

பகாசுரன் வதத்தில் வீமன் வண்டியில் ஊர்த் தெருக்களில் வலம் வந்து வீடுதோறும் உணவு பெறுவான். இங்கு எழுதப்பட்ட உரையாடல் மிகக் குறைவு. வீட்டார் கொடுப்பதும் மறுப்பதும் கேலி செய்வதுமே வீமனின் பேச்சைத் தீர்மானிக்கின்றன. படுகளத்தில் துரியோதனனின் பெரிய மண்ணுருவைச் சுற்றி வேடங்கள் ஓட, ஊரே உடன் நகர்கிறது. இவ்விடங்களில் களம், அவை என்ற எல்லை அழிகிறது. அவ்வெல்லை அழிவதற்கேற்பக் களத்துப் புனைவின் அளவும் கூடுகிறது.

8. ஒலியும் அமைதியும்: துகில் காட்சி

ஆரவாரம் மிகுந்தால் ஆற்றல் மிகும் என்னும் எளிய கணக்கு தெருக்கூத்தில் செல்லாது. சூதும் துகிலும் அமைந்த கூத்து இதற்குத் தக்க சான்று. சூதாட்டப் பகுதியில் பகடை உருளுந்தோறும் அவையில் சலசலப்பும் நகையும் உண்டு. கட்டியங்காரனுக்கும் அங்கு இடமுண்டு. திரௌபதி சபைக்கு இழுத்து வரப்படும் நேரம் நெருங்க நெருங்க அவரது பேச்சு குறைந்து மறைகிறது. துச்சாதனன் வேடமிட்டவர் துகிலில் கை வைக்குமுன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டி அம்மனை வணங்கும் வழக்கம் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. கூத்தர் மீதும் காண்போர் மீதும் அருள் வருவதும் உண்டு. 1990இல் பாரதக் கூத்து குறித்து நூல் வெளியிட்ட ரிச்சர்ட் ஃபிராஸ்கா அருளேற்றத்தை இக்கலையின் மையக் கூறுகளுள் ஒன்றாகக் கண்டார்.

இக்காட்சியில் அவையின் அடங்கிய அமைதி கூத்தரை ஆழ இழுக்கிறது. நாட்டிய சாத்திரம் தெய்விக வெற்றி என்றது இந்நிலையோடு ஒப்பிடத்தக்கது. திரௌபதி வேடம் மரபாக ஆண் ஏற்பது. ஆயினும் அவ்வேடத்தின் முறையீட்டைக் கேட்கும் பெண்கள் அம்மனையே காண்கின்றனர். கூத்தர் தம்மை நடிகராகக் கருதினாலும் அவை அவரை அவ்வாறு கருதாதபோது, அவர் மேற்கொள்ளும் பொறுப்பு மாறுகிறது. துச்சாதனன் வேடமிட்டவர் வணங்குவது இதனாலேயே. காட்சியின் வீறு கூடக் கூட அதனை எல்லைக்குள் நிறுத்தும் கடமையும் கூடுகிறது. அருள் வந்தவரை மலையேற்றும்வரை பாட்டு காத்திருக்கும். மத்தளம் தன் நடையை அதற்கேற்ப அமைக்கும். தென் மாவட்ட வில்லுப்பாட்டில் கதையின் மரண நிகழ்வை ஒட்டிச் சாமியாட்டமும் பாட்டும் ஒன்றையொன்று தூண்டுவதை 1988இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் விளக்கியதும் இதனோடு ஒத்து நோக்கத்தக்கது.

9. ஒரே கூத்து, இரு அவைகள்: கர்ண மோட்சம்

அவையே வீறின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கர்ண மோட்சம் தெளிவான சான்று. கோயில் விழாவில் ஆடப்படும் இக்கூத்து வட மாவட்டங்களில் இறப்புச் சடங்கை ஒட்டியும் ஆடப்படுகிறது. பாட்டுகள் பெரும்பாலும் அவையே; கர்ணனும் பொன்னுருவியும் நிகழ்த்தும் தர்க்கமும் அதுவே.

கோயில் விழாவில் அத்தர்க்கம் கணவன் மனைவிப் பிணக்காக விரிந்து நகைக்கு இடமளிக்கக் கூடியது. பிறப்பைச் சுட்டிப் பொன்னுருவி கூறும் இழிசொற்களும் கர்ணனின் மறுமொழிகளும் சொற்போரின் சுவையோடு வளர்க்கப்படும். இறப்பு நிகழ்ந்த வீட்டின் முன் அதே தர்க்கம் வேறொன்றாகிறது. போருக்குச் செல்பவன் மீளமாட்டான் என்பதை அறிந்த அவையில், அண்மையில் ஒருவரை இழந்த குடும்பத்தார் அமர்ந்துள்ளனர். விடைபெறும் கணவனின் சொற்கள் அவர்களை நோக்கியும் செல்கின்றன. கர்ணனின் வீழ்ச்சியும் குந்தியின் புலம்பலும் வரும்போது அழுகை களத்தில் மட்டும் எழுவதில்லை. புலம்பல் தருவின் மடக்குகள் அவ்வழுகையோடு இணைந்து நீளும். கூத்தின் தலைப்பில் உள்ள ‘மோட்சம்’ என்ற சொல் அவ்விரவில் கர்ணனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை.

ஒரே ஏட்டிலிருந்து இரு கூத்துகள் பிறப்பதை அச்சிட்ட நூல் காட்டாது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் நெகிழுறுப்புகளில் உள்ளது. அவ்வேறுபாட்டைத் தூண்டுவது அவை.

10. அவையின் உரிமையும் அதன் எல்லையும்

அவை எப்போதும் கூத்தை வளர்க்கும் எனக் கொள்ள இயலாது. ஆட்டத்தின் நடுவே கூத்தருக்கு அன்பளிப்பு வழங்குவதும், கொடுத்தவரின் பெயரைக் கட்டியங்காரன் அறிவிப்பதும் வழக்கம். கூத்தருக்கு இது வருவாயும் ஊக்கமும் தருவது. அறிவிப்புகள் பெருகும்போது கதையின் பிடி தளரும். நகைப்பகுதியை நீட்டச் சொல்லும் குரல்கள் பாரதப் பகுதியைக் குறுக்கும். தேர்ந்த கட்டியங்காரன் அன்பளிப்பு அறிவிப்பையும் கதையோடு இணைத்து இழப்பைக் குறைப்பார். அன்றிரவு அவை கொண்ட மனநிறைவே அடுத்த ஆண்டுத் தாம்பூலத்தை முடிவு செய்யும் என்பதால் அவையின் விருப்பத்தைப் புறக்கணிக்கவும் கூத்தரால் இயலாது. களத்துப் புனைவு இவ்வாறு வாழ்வாதாரத்தோடும் பிணைந்துள்ளது.

‘அவை’ என்ற ஒருமைச் சொல் மறைப்பதும் ஒன்றுண்டு. ஊரும் சேரியும் பிரிந்த நிலத்தில் யார் எங்கே அமர்வது, யாருடைய சிரிப்புக்குக் கட்டியங்காரன் செவிசாய்ப்பது என்பவை சாதி அமைப்போடு தொடர்புடையவை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதியினரின் வழிபாட்டு உரிமை குறித்த சிக்கலால் 2023 சூனில் வருவாய்த் துறையினரால் பூட்டி முத்திரையிடப்பட்டது. அம்மனின் முன் நிற்க யாருக்கு உரிமை என்பதே பூசலாகும் சூழலில், அம்மனின் கதையைக் காண்போர் ஒரே மனத்தினர் என ஆய்வாளர் முன்கூட்டிக் கொள்வது பொருந்தாது. கூத்தர் பலர் தாமும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். எள்ளலை எங்குத் தொடங்கலாம், எங்கு நிறுத்த வேண்டும் என்னும் அவர்தம் அறிவு கலையறிவு மட்டுமன்று. அது சமூக அறிவும் ஆகும்.

11. அரங்கும் பதிவும்

1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், 1990இல் காஞ்சிபுரத்தில் பெ. இராஜகோபால் முதலியோர் முயற்சியால் உருவான கட்டைக்கூத்துச் சங்கமும் கூத்தைப் புதிய அவைகளுக்கு அறிமுகம் செய்தன. நகர அரங்கில் ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் கூத்து அடங்க வேண்டும். அப்போது முதலில் குறைவது நெகிழுறுப்பு. பாட்டுகள் நிற்க, வசன விரிவு சுருங்குகிறது. அரங்க விளக்குகள் ஆடுவோரை ஒளியிலும் காண்போரை இருளிலும் வைப்பதால் கட்டியங்காரன் முகம் கண்டு பேச இயலுவதில்லை. கதையறியாத அவை வியப்போடு காணும்; ஆனால் அடுத்து வருவதை எதிர்நோக்கித் தூண்டாது. இதனைத் தாழ்வு என்பதைவிட வேறு வகை எனக் கொள்வதே முறை. வேத்தியல், பொதுவியல் என்ற பழைய பாகுபாடு இங்குப் புது வடிவில் தோன்றுகிறது.

ஊர்க் களத்திலும் மாற்றங்கள் உண்டு. தொங்கவிடப்பட்ட ஒலிவாங்கி, பாடுவோரைத் தன்னருகே நிறுத்துகிறது. அவையை நோக்கி நகர்ந்து பேசும் வழக்கம் இதனால் கட்டுப்படுகிறது. அதே வேளையில், தொலைவில் இருப்போரும் வசனத்தைத் தெளிவாகக் கேட்பதால் நகையின் எல்லை விரிகிறது.

இவற்றினும் கவனிக்கத்தக்கது ஆய்வாளரின் பதிவு முறை. ஒளிப்பதிவுக் கருவி வேடங்களை நோக்கியே வைக்கப்படுகிறது. படியெடுக்கும்போது சிரிப்பும் குறுக்குச் சொல்லும் இரைச்சலாக நீக்கப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கும் பனுவலில் ஒரு வசனம் ஏன் நீண்டது, ஒரு தரு ஏன் பலமுறை மடக்கப்பட்டது என்பவற்றிற்குக் காரணம் தெரிவதில்லை. கூத்தரின் வழவழத்த பேச்சாக அது தோன்றும். இதற்கு மாற்றாக, நேரம், களத்தில் நிகழ்வது, அவையில் நிகழ்வது, அவ்விடம் நிலைத்த உறுப்பா நெகிழும் உறுப்பா என்னும் நான்கு பத்திகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் முறையைக் கையாளலாம். ஒரே குழு ஒரே கூத்தை இருவேறு ஊர்களில் ஆடும்போது இவ்வாறு பதிவு செய்து ஒப்பிட்டால் காண்போரின் பங்கு அளந்தறியத்தக்கதாகும்.

12. முடிவுரை

தெருக்கூத்தின் வடிவம் நிலைத்த உறுப்புகளையும் நெகிழும் உறுப்புகளையும் அடுத்தடுத்து வைத்துள்ளது. பயின்ற அவையின் துலங்கல் நெகிழும் உறுப்புகளின் வழியே களத்துக்குள் நுழைந்து கூத்தின் நீளத்தையும் வீறையும் பொருளையும் மாற்றுகிறது. சிரிப்பு, குறுக்குச் சொல், அன்பளிப்பு போலவே அமைதியும் அழுகையும் உறக்கமும் கூத்தருக்குச் செய்திகளே. இச்செய்திகளைப் படிக்கும் கல்வி ஏட்டில் இல்லை. இரவுதோறும் வெவ்வேறு ஊர்களில் ஆடி அடைவது.

இதனால் பாதுகாப்பு குறித்த ஒரு கருத்தும் பெறப்படுகிறது. பாட்டுகளை அச்சேற்றுவதும் கூத்தருக்கு விருது வழங்குவதும் தேவையானவை. ஆனால் கதையறிந்து விடியும்வரை அமர்ந்திருக்கும் அவை குறையுமாயின், ஏட்டில் எல்லாம் இருந்தும் கூத்தின் நெகிழுறுப்பு மெல்ல வற்றும். பகற்பிரசங்கமும் இரவுக் கூத்தும் இணைந்த விழா மரபு பல தலைமுறைகளாகக் கூத்தரோடு காண்போரையும் பயிற்றி வந்துள்ளது. தெருக்கூத்து ஆய்வு அக்காண்போரையும் தன் ஆய்வுப் பொருளாகக் கொள்ளும்போதுதான் ‘கூத்து களைகட்டியது’ என்ற ஊர் வழக்கிற்கு உரிய விளக்கம் கிடைக்கும்.